கையெழுத்துப் போடுகிறவர்களின் சங்கம்

பழுது பார்த்து முடித்த ஒரு விமானம் மறுபடி பறக்கலாம் என்று எழுதித் தரும் உரிமை விமான நிறுவனத்தின் தலைவருக்குக் கிடையாது. லைசென்ஸ் உள்ள ஒரு பராமரிப்புப் பொறியாளர்தான் அதை எழுதித் தர வேண்டும். ஹேங்கர் பேச்சில் அதற்கு ‘ரிலீஸ்’ என்று பெயர். நிறுவனத்தின் சார்பில் போடப்படும் கையெழுத்துதான் அது. ஆனாலும் பக்கத்திலேயே அவருடைய சொந்த லைசென்ஸ் எண் இருக்கும். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் விசாரணைக்கு வருகிறவர் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

கையெழுத்து அவருடையது. ஆனால் அந்தக் கையெழுத்து நியாயமாக இருப்பதற்கு வேண்டிய எதுவும் அவர் கையில் இல்லை. இன்று இரவு ஷிப்டில் எத்தனை பேர், உதிரி பாகம் ஸ்டோரில் இருக்கிறதா, காலை ஆறு மணி விமானத்தை ஏழரைக்குத் தள்ளலாமா, தொடர்ந்து எத்தனையாவது இரவாக இவர் கண் விழிக்கிறார் என்பதையெல்லாம் தீர்மானிப்பது நிர்வாகம். பொறுப்பு தனி மனிதருக்கும் சூழ்நிலை நிறுவனத்துக்குமாகப் பிரிந்து கிடக்கிறது. விமானப் பராமரிப்பாளர் சங்கங்களின் வரலாறு முழுவதையும் இந்தப் பிளவை ஒட்டவைக்கும் முயற்சியாகப் படிக்க முடியும். சில சங்கங்கள் மரியாதை கேட்டன. சில சம்பளம் கேட்டன. ‘இந்த விமானத்தை இப்போது விட முடியாது’ என்று சொல்கிறவருக்குப் பின்னால் நிற்கும் பலத்தைத் தேடியவை குறைவு. எந்தச் சங்கத்தையும் இந்தக் கடைசி அளவுகோலால்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

மரியாதையிலிருந்து தொடங்குவோம். ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்துக்கு எஞ்சின் செய்து கொடுத்தவர் சார்லஸ் டெய்லர். சைக்கிள் கடை மெக்கானிக். முறையான வரைபடம்கூட இல்லாமல், லேத், துளையிடும் எந்திரம் போன்ற சாதாரணக் கருவிகளை வைத்துக்கொண்டு, ஆறு வாரத்தில் 12 குதிரைத்திறன் தரும் எஞ்சினை உருவாக்கினார். ஆர்வில், வில்பர் என்ற பெயர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். டெய்லரோ கடைசிக் காலத்தில் வறுமைப்பட்டு 1956இல் இறந்தார். அவருடைய பிறந்த நாளான மே 24 இன்று அமெரிக்காவில் விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் தினம். ஐம்பது ஆண்டுகள் இத்தொழிலில் கறைபடாமல் இருந்தவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. தரும் விருதும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இந்தத் தினமும் விருதும் ஒரு வகைச் சங்கத்தின் மனப்போக்கைக் காட்டுகின்றன. 1972இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘பாமா’ என்ற தொழில்முறைச் சங்கம் அந்த வகையைச் சேர்ந்தது. தனி நபர்கள் உறுப்பினராகலாம், கருத்தரங்கு நடக்கும், புதிய எஞ்சின், புதிய விதி பற்றி வகுப்பு நடக்கும், சட்டம் மாறும்போது தொழிலின் தரப்பை எடுத்துச் சொல்வார்கள். பேரம் பேசுவது, வேலைநிறுத்தம் செய்வது போன்றவை அதன் வேலையில்லை. பிரிட்டனில் லைசென்ஸ் பெற்ற விமானப் பொறியாளர்களுக்கென்று இருந்த கழகம் 1987இல் ராயல் ஏரோநாட்டிக்கல் சொசைட்டியோடு இணைந்துவிட்டது. 1866இல் பிறந்த, விஞ்ஞானிகளும் வடிவமைப்பாளர்களும் உறுப்பினர்களாக இருந்த அமைப்பு அந்தச் சொசைட்டி. ஸ்பானர் பிடித்த கைகளுக்கு அங்கே இடம் கிடைத்தது பெரிய விஷயம்தான்.

இத்தகைய அமைப்புகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. லைசென்ஸ் வாங்கியதோடு படிப்பு முடிந்துவிடுகிற தொழில் அல்ல இது. அலுமினிய உடலுக்குப் பழகியவர் கார்பன் இழை உடலுக்குப் பழக வேண்டும். கம்பியை இழுத்து இறக்கையை அசைத்த காலத்தில் பயின்றவர் கணினி நிரலோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்த அறிவைப் பகிர ஒரு கூடம் தேவை. ஆனால் இரவு மூன்று மணிக்கு மேலாளர் தோளில் தட்டி ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்கும்போது கருத்தரங்குச் சான்றிதழ் துணைக்கு வராது.

அந்த மூன்று மணி வேளையில் என்ன நடக்கிறது என்பதற்கு விபத்து அறிக்கைகளே சாட்சி. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. ஒன்-இலெவன் விமானத்தில், சுமார் 17,000 அடி உயரத்தில் கேப்டனுக்கு முன்னிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டது. சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். ஒருவரும் சாகவில்லை, கேப்டனும் பிழைத்து மறுபடி விமானம் ஓட்டினார்.

முந்தைய நாள் விடியற்காலையில்தான் அந்தக் கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. 90 போல்ட்களில் 84 தேவையான குறுக்களவைவிடச் சற்றுச் சிறியவை. மாற்றியவர் கற்றுக்குட்டி அல்ல, ஷிப்டின் மேலாளரே. ஆள் பற்றாக்குறையால் அவரே வேலையை எடுத்துக்கொண்டார். கழற்றிய பழைய போல்டை அளவுக்கு வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத இடத்தில் இருந்த உதிரிபாகப் பெட்டியிலிருந்து கண்ணளவில் பொறுக்கினார். ஸ்டோர் ஆள் சரியான அளவைச் சொல்லியிருந்தார், இவர் கேட்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கழற்றிய பழைய போல்ட்களிலும் பெரும்பாலானவை தவறான அளவு. ஆனாலும் அவை ஆண்டுக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. இன்னொருவர் சரிபார்க்க வேண்டிய பணிகளின் பட்டியலில் கண்ணாடி மாற்றுவது இல்லை. செய்தவரே கையெழுத்திட்டார்.

அடுத்த ஆண்டு, 1991 செப்டம்பர் 11 அன்று, டெக்சாஸில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் எம்ப்ரேயர் விமானம் நடுவானில் சிதறி 14 பேர் இறந்தார்கள். முந்தைய இரவு வால் பகுதியின் முன்விளிம்பில் பனி நீக்கும் ரப்பர் உறையை மாற்றத் தொடங்கியிருந்தார்கள். இடப்பக்கத்தின் மேல்புறத்திலிருந்து 47 திருகுகளைக் கழற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறியது. அடுத்து வந்தவர்கள் வலப்பக்கத்தை மட்டும் முடித்தார்கள். இடப்பக்கம் கழற்றப்பட்ட செய்தி எந்தத் தாளிலும் ஏறவில்லை. தனிமனிதத் தவறு என்று இதை முடித்துவிட முடியாது, அந்த நிறுவனத்தின் பணிப் பண்பாட்டையே காரணமாகச் சொல்ல வேண்டும் என்று விசாரணை வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் அறிக்கையில் மாறுபட்டு எழுதினார். பராமரிப்பு விபத்துகளைப் பார்க்கும் பார்வையில் அந்த மாறுபட்ட கருத்து ஒரு திருப்பம்.

இவற்றுக்குப் பிறகு, 1993இல் கனடாவின் போக்குவரத்துத் துறையில் கோர்டன் டுபான்ட் என்பவர் பராமரிப்பில் தவறு நேரும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். ‘டர்ட்டி டசன்’ என்ற பெயரில் அது உலகத்தின் எல்லா ஹேங்கர்களிலும் போஸ்டராகத் தொங்குகிறது. களைப்பு, மன அழுத்தம், அலட்சியம், கவனச்சிதறல், அறிவுக்குறை, பேசித் தெளிவுபடுத்தாமை, நெருக்கடி, வசதிக்குறை, ‘எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்ற வழக்கம், தட்டிக்கேட்கத் தயங்குவது என்று போகும். நல்ல பட்டியல். எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம் உண்டு. போஸ்டர் தொங்குவது தொழிலாளி பார்க்கும் சுவரில். களைப்பும் நெருக்கடியும் வசதிக்குறையும் பிறப்பதோ மேல்மாடியில் ஷிப்ட் அட்டவணை போடுகிற மேசையில். அங்கே இந்தப் போஸ்டரை நான் பார்த்ததில்லை. தட்டிக்கேட்கத் தயங்காதே என்று ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பது எளிது. கேட்ட மறுநாள் அவர் வேலையில் இருப்பாரா என்பதற்கு உறுதி கொடுக்கத்தான் ஆளில்லை.

களைப்பையே எடுத்துக்கொள்ளலாம். விமானிக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பறக்கலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களின் பராமரிப்பாளர்களுக்கான விதி ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும்: ஏழு நாளுக்கு ஒரு முறை தொடர்ச்சியாக 24 மணி நேரம் ஓய்வு, அல்லது ஒரு மாதத்துக்குள் அதற்கு ஈடான ஓய்வு. அந்த ‘அல்லது’வை மட்டும் பிடித்துக்கொண்டால், மாதம் முழுக்க வேலை வாங்கிவிட்டுக் கடைசியில் நான்கு நாள் சேர்த்து விடுப்புக் கொடுத்தாலும் விதி மீறப்படவில்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வேலையைத் திட்டமிடும்போது மனிதத் திறனின் எல்லைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று பராமரிப்பு நிறுவனங்களுக்கான விதி சொல்கிறது. எவ்வளவு மணி என்ற எண்ணிக்கையை அந்த வாக்கியம் சொல்வதில்லை. விமானிகளுக்கு எண்ணும், தரையில் இருப்பவர்களுக்கு அறிவுரையும் கிடைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்க விமானிகளின் பெரும் சங்கம் 1931லேயே பிறந்து, ஒரே தொழில் ஒரே குரல் என்று நின்றுவிட்டது. பராமரிப்பாளர்களுக்கு அந்த ஒருமை வாய்க்கவே இல்லை.

வாய்க்காததற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்காவில் விமான நிறுவனத் தொழிலாளர்கள் 1926இல் ரயில்வேக்காக எழுதப்பட்டு 1936இல் விமானத்துறைக்கு நீட்டிக்கப்பட்ட சட்டத்தின் கீழ் வருகிறார்கள். அச்சட்டப்படி ஒரு நிறுவனத்தின் ஒவ்வொரு தொழில் பிரிவும் ஒரே சங்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெக்கானிக்குகளின் பிரிவில் ‘அவர்களைச் சார்ந்தவர்’களும் அடங்குவார்கள்; விமானத்தைச் சுத்தம் செய்பவர்களும் பல இடங்களில் இதற்குள் வருவார்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் நீண்ட காலம் ஐ.ஏ.எம். என்ற எந்திரத் தொழிலாளர் பெருஞ்சங்கத்தில் இருந்தார்கள். சரக்கு ஏற்றுபவர்களும் தொழிற்சாலை ஊழியர்களும் அதே குடையின் கீழ்.

பெருஞ்சங்கத்தின் பலம் எத்தகையது என்பதை 1966 காட்டியது. ஐந்து நிறுவனங்களில் 35,000 ஐ.ஏ.எம். உறுப்பினர்கள் ஜூலை 8 முதல் 43 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டின் விமானப் பயணத்தில் பாதிக்கும் மேல் நின்றுபோனது. ஜனாதிபதி ஜான்சன் தலையிட்டு அறிவித்த ஒப்பந்தத்தையே உறுப்பினர்கள் வாக்களித்துத் தள்ளினார்கள். அரசு வகுத்திருந்த சம்பள உயர்வு வரம்பு உடைந்தது. பலவீனம் 1989இல் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் தெரிந்தது. மெக்கானிக்குகளின் வேலைநிறுத்தத்துக்கு முதலில் விமானிகளும் துணை நின்றார்கள். ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். 1991 ஜனவரியில் நிறுவனமே மூடப்பட்டது. இதற்கு நடுவில் 1990இல் பராமரிப்புப் பதிவேடுகளைப் பொய்யாக எழுதியதாக நிறுவனத்தின் மீதும் அதன் மேலாளர்கள் சிலர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கலானது. எது வேலைநிறுத்தக்காரர்கள் சொன்ன குறை, எது உண்மையான குறை என்று பொதுமக்கள் பிரித்துப் பார்க்கத் தேவையில்லாமலே போயிற்று.

பெருஞ்சங்கத்தில் மெக்கானிக் தொலைந்துபோகிறான் என்ற மனக்குறையிலிருந்துதான் 1962இல் ஆம்ஃபா என்ற தனிச்சங்கம் தொடங்கியது. லைசென்ஸ் பெற்ற கைவினைஞர்களின் வாக்குகளை எண்ணிக்கையில் பெரிய பிற பிரிவுகள் அமுக்கிவிடுகின்றன, அதனால் அவர்களுடைய சம்பளம் திறமைக்கு ஏற்ப உயர்வதில்லை என்பது அவர்கள் வாதம். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் சிறிய சங்கமாகவே இருந்தது. 1998இல் நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் மெக்கானிக்குகள் ஐ.ஏ.எம்.மை விட்டு ஆம்ஃபாவுக்கு வாக்களித்தபோது நிலைமை மாறியது. 2001இல் பெரிய சம்பள உயர்வோடு ஒப்பந்தம் வந்தது. தனிச்சங்கக் கொள்கைக்கு அதுதான் உச்சி.

சரிவும் அதே நிறுவனத்தில்தான். நஷ்டத்தில் இருந்த நார்த்வெஸ்ட், ஆண்டுக்கு 17.6 கோடி டாலர் விட்டுக்கொடுக்கச் சொன்னது. பாதி வேலைகளை வெளியாருக்குக் கொடுப்பதும் திட்டத்தில் இருந்தது. 2005 ஆகஸ்ட் 20 அன்று மெக்கானிக்குகளும் துப்புரவாளர்களுமாகச் சுமார் 4,400 பேர் வெளியேறினார்கள். நிறுவனம் மாதக்கணக்கில் தயாராகியிருந்தது. மாற்று மெக்கானிக்குகளை முன்கூட்டியே பயிற்சி கொடுத்து வைத்திருந்தது. விமானங்கள் பறந்தன. விமானிகள் வேலைக்கு வந்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் மெக்கானிக்குகளை இழந்த ஐ.ஏ.எம்., தன்னிடம் எஞ்சிய தரைப்பணியாளர்களை வேலைக்குப் போகச் சொன்னது. அந்த வஞ்சத்தைக் குறை சொல்வதா, எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று ஆம்ஃபாவைக் குறை சொல்வதா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. செப்டம்பரில் நார்த்வெஸ்ட் திவால் பாதுகாப்புக் கோரியது. 2006 நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து வேலைநிறுத்தத்தை முடித்தபோது பெரும்பாலோருக்குத் திரும்பிப் போக வேலை இல்லை.

இந்தத் தோல்வியை வைத்துத் தனிச்சங்கமே தவறு என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். சவுத்வெஸ்ட் விமான நிறுவனத்தில் ஆம்ஃபா 2003 முதல் நிலைத்திருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கலான காட்சி அரங்கேறியது. 2019 பிப்ரவரியில் பழுதென்று நிறுத்தப்பட்ட விமானங்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. ஒப்பந்தப் பேரத்துக்காக வேண்டுமென்றே பழுது எழுதுகிறார்கள் என்று நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நாங்கள் பார்ப்பதைத்தான் எழுதுகிறோம், எழுதாதே என்று அழுத்துகிறார்கள் என்றது சங்கம். இரு தரப்பின் உறவு முறிந்திருப்பது பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்று எஃப்.ஏ.ஏ. இருவருக்கும் கடிதம் எழுதியது. சில மாதங்களில் ஒப்பந்தம் கையெழுத்தானது; பிரச்சினை அடங்கியது. இறக்கையில் ஒரு பள்ளத்தைக் கண்டு விமானத்தை நிறுத்துகிற மெக்கானிக் மனசாட்சிப்படி நடக்கிறாரா, பேரத்துக்குத் துணை போகிறாரா என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. பாதுகாப்பைப் பேரப்பொருளாக்கும் சங்கம் தன் உறுப்பினர்களின் கையெழுத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. பழுது எழுதுவதைத் துரோகமாக நடத்தும் நிர்வாகமும் அதையேதான் செய்கிறது.

ஆஸ்திரேலியாவில் லைசென்ஸ் பெற்ற பொறியாளர்களுக்கென்றே ஒரு சங்கம் உண்டு. தனிச்சங்கம் தனியாக நிற்காமல் போராடினால் என்ன ஆகும் என்பதை 2011 காட்டியது. பொறியாளர்கள், நெடுந்தூர விமானிகள், தரைப்பணியாளர்கள் என்று மூன்று சங்கங்கள் குவான்டாஸ் விமான நிறுவனத்தோடு ஒரே காலத்தில் மோதின. வேலைகள் வெளியே போவதே மையப் பிரச்சினை. அக்டோபர் 29 அன்று தலைமை நிர்வாகி ஆலன் ஜாய்ஸ் உலகெங்கும் இருந்த குவான்டாஸ் விமானங்கள் எல்லாவற்றையும் தரையிறக்கி, மூன்று சங்கத்தினரையும் கதவடைப்புச் செய்வதாக அறிவித்தார். தொழில் தீர்ப்பாயம் இரண்டே நாளில் தலையிட்டு எல்லாத் தரப்பின் நடவடிக்கைகளையும் முடித்துவைத்தது. பேரம் மேசையிலிருந்து நடுவர் கைக்குப் போயிற்று.

இந்தப் போராட்டங்களைவிடச் சத்தமில்லாமல், ஆனால் அதிக பலனோடு நடந்த ஒரு வேலை உண்டு: தவறை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு. அமெரிக்க விமான நிறுவனங்களில் ‘ஏசாப்’ என்றொரு திட்டம் இருக்கிறது. தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்ட மெக்கானிக் தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தால், அதை நிறுவனம், எஃப்.ஏ.ஏ., சங்கம் என்று மூன்று தரப்பும் சேர்ந்த குழு பார்க்கும். குற்றநோக்கமோ அப்பட்டமான அசட்டையோ இல்லையென்றால் தண்டனைக்குப் பதில் திருத்தம். பிரிட்டனில் ‘சிர்ப்’ என்ற ரகசிய அறிக்கை முறை 1982இல் விமானிகளுக்காகத் தொடங்கிப் பிறகு பொறியாளர்களுக்கும் விரிந்தது. ஏசாப் குழுவில் சங்கத்தின் பிரதிநிதி உட்கார்ந்திருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தவறான போல்டைப் போட்டுவிட்டோமோ என்று வீட்டுக்குப் போனபின் சந்தேகம் வந்த ஒருவர் தொலைபேசியை எடுப்பாரா, போர்வையை இழுத்து மூடுவாரா என்பது அந்த நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

போர்வையை மூடுகிறவரைக் குறை சொல்லவும் முடியாது. நீதிமன்றங்கள் எதுவரை போகும் என்பதை கான்கார்டு வழக்கு காட்டியது. 2000ஆம் ஆண்டில் பாரிஸ் அருகே கான்கார்டு விழுந்ததற்கு, ஓடுபாதையில் முன்னதாகக் கிளம்பிய கான்டினென்டல் விமானத்திலிருந்து விழுந்த ஒரு டைட்டானியப் பட்டை காரணமானது. பத்து ஆண்டு கழித்து அந்த நிறுவனத்தோடு, பட்டையைப் பொருத்திய மெக்கானிக்கையும் பிரெஞ்சு நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2012இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் எல்லாப் பராமரிப்பாளர் கூட்டங்களிலும் பேசப்பட்ட வழக்கு அதுதான்.

சங்கத்தின் கை எட்டாத இடம் ஒன்று வேகமாக வளர்ந்து வருகிறது. 2003 ஜனவரி 8 அன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட்டின் பீச் 1900 விமானம் கிளம்பியவுடன் விழுந்து 21 பேர் இறந்தார்கள். வாலின் கட்டுப்பாட்டுக் கம்பியின் இழுவிசையைத் தவறாக அமைத்திருந்தார்கள். ஏற்றியிருந்த எடையும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. கம்பியைச் சரிசெய்தவருக்கு அந்த வகை விமானத்தில் அந்த வேலை முதல் தடவை. பல படிகள் விடப்பட்டிருந்தன. அவர் விமான நிறுவனத்தின் ஆளில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் ஒரு நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பியது இன்னொரு நிறுவனம். மூன்று அடுக்கு. சங்கம் இருந்தாலும் எந்த அடுக்கில் போய்க் கதவைத் தட்டும்? பெரிய பழுதுபார்ப்பு வேலைகள் எல் சால்வடோருக்கும் சிங்கப்பூருக்கும் சீனாவுக்கும் போகிற காலத்தில், அமெரிக்கச் சங்கங்களால் வெளிநாட்டுப் பட்டறைகளுக்கும் போதைப் பரிசோதனை வேண்டும் என்று அரசை நெருக்க முடிந்தது. 2024 கடைசியில் எஃப்.ஏ.ஏ. அப்படியொரு விதியும் போட்டது. அங்கே வேலை செய்கிறவரின் சம்பளத்தையோ தூக்கத்தையோ பற்றி அந்த விதியில் ஒன்றுமில்லை.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே பராமரிப்பு லைசென்ஸ் தருவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். விதிகள் ஐரோப்பிய அச்சில் வார்க்கப்பட்டவை: சிறு பணிகளுக்கு ‘ஏ’ பிரிவு, எஞ்சினும் உடலும் பி1, மின்னணுக் கருவிகள் பி2, பெரிய பழுதுபார்ப்பு முடிந்த விமானத்தை விடுவிக்க ‘சி’. சென்னையிலும் கோவையிலும் ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்புக் கல்லூரிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. படிப்பு முடித்துத் தேர்வுத்தாள்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, ஹேங்கரில் அனுபவம் சேர்த்து லைசென்ஸ் வாங்கும்வரை ஒரு பையன் டெக்னீஷியனாகத்தான் இருப்பான். பலர் கடைசிவரை அப்படியே இருப்பார்கள். சக்கரம் மாற்றுவதும், எண்ணெய் வடிப்பதும், மழையில் நனைந்துகொண்டு எஞ்சின் மூடியைத் திறப்பதும் டெக்னீஷியன். பார்த்துக் கையெழுத்துப் போடுவது ஏ.எம்.இ. ஒரே விமானத்துக்கு அடியில் நிற்கும் இந்த இருவருக்கும் நடுவில் சம்பளத்தில் பெரிய பள்ளம், மரியாதையில் அதைவிடப் பெரியது. சங்கம் என்று வந்தாலும் இருவரும் ஒரே வாசலில் நுழைவதில்லை.

அரசு நிறுவனமாக இருந்த காலத்தில் ஏர் இந்தியாவில் சங்கங்கள் பலமாக இருந்தன. 2010 மே மாதம் 22ஆம் தேதி மங்களூர் விமான விபத்து நடந்தது. சில நாளில், தரைப்பணியாளர்களின் சங்கமும் விமானப் பொறியாளர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. விபத்துத் துயரத்தின் நடுவே நடந்ததால் மக்கள் ஆதரவு துளியும் இல்லை. தில்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது. நிர்வாகம் பலரைப் பணிநீக்கம் செய்து, இரு சங்கங்களின் அங்கீகாரத்தையும் ரத்து செய்தது. நாள் பார்க்கத் தெரியாத போராட்டம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். பிறகு பராமரிப்புப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனபோது அந்தப் பராமரிப்பு நிறுவனம் அரசிடமே தங்கிவிட்டது. ஒரே கூரையின் கீழ் இருந்த சங்கம் இரண்டு முதலாளிகளுக்கு நடுவில் நின்றது.

தனியார் நிறுவனங்களில் கதை வேறு. இந்திய வானத்தின் பாதிக்கும் மேல் இன்று இண்டிகோவின் கையில். 2022 ஜூலை இரண்டாம் வாரத்தில் ஹைதராபாத், தில்லி ஆகிய இடங்களில் இண்டிகோ டெக்னீஷியன்கள் கணிசமான எண்ணிக்கையில் ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எடுத்தார்கள். கொரோனா காலத்தில் வெட்டப்பட்ட சம்பளம் குறித்த கோபம் அது. கோரிக்கை மனுவின் கீழே தலைவர், செயலாளர் என்று கையெழுத்துப் போட ஒருவர் முன்வந்தால் அவருக்குத்தான் முதல் அடி என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே தலைவரில்லாத காய்ச்சல். சம்பள முரண்களைச் சரிசெய்வதாக நிறுவனம் சொன்னது, ஊழியர்கள் திரும்பினார்கள்.

அதே மாதத்தில் இன்னொன்று நடந்தது, அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. அடுத்தடுத்துக் கோளாறுகள் செய்தியானதால் டி.ஜி.சி.ஏ. திடீர்ச் சோதனை நடத்தியது. இடை நிலையங்களில் போதிய பொறியாளர்கள் இல்லாமல், ‘ஏ’ பிரிவு லைசென்ஸ்காரர்களை வைத்தே விமானங்களை விடுவிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. பி1, பி2 லைசென்ஸ் உள்ளவர்தான் விடுவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சோதனைக்கு வந்த அதிகாரி பார்த்ததை அங்கே வேலை செய்தவர்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். சொல்வதற்கு ஒரு வழி இருந்திருந்தால் திடீர்ச் சோதனைக்கே அவசியம் வந்திருக்காது.

அடிபடுகிறவரும் இவர்களே. 2019 ஜூலையில் கொல்கத்தா விமான நிலையத்தில் ஸ்பைஸ்ஜெட்டின் க்யூ400 விமானத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் டெக்னீஷியன், தரையிறங்கு சக்கரத்தின் மூடி திடீரென்று மூடிக்கொண்டதில் சிக்கி உயிரிழந்தார். பயணிகள் சாகாத விபத்து இரண்டு நாளில் செய்தியிலிருந்து போய்விடும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் உலகுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய பராமரிப்புத் தொழில்நுட்பர்கள் தேவை என்று போயிங் நிறுவனத்தின் 2024 கணிப்பு சொல்கிறது. ஆள் கிடைக்காத சந்தையில் தொழிலாளிக்குப் பேரபலம் தானாக வந்துவிடும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். லைசென்ஸ் உள்ளவருக்கு அது ஓரளவு உண்மை. துபாய்க்கோ தோஹாவுக்கோ போய்விடலாம். பயிற்சிச் செலவுக்குப் பாண்டு எழுதிக் கொடுத்திருக்கும் டெக்னீஷியன் எங்கே போவார்? வெளியேறும் உரிமை உள்ளவர் போராடத் தேவையில்லாமல் போய்விடுகிறார். போராடத் தேவை உள்ளவருக்கு வெளியேற வழியில்லை. இந்தியாவில் பராமரிப்பாளர் சங்கம் வலுப்பெறாததற்குச் சட்டத்தையும் நிர்வாகத்தையும் மட்டும் காரணம் சொல்வது முழு உண்மை ஆகாது. கையெழுத்துப் போடுகிறவரும் கிரீஸ் பூசுகிறவரும் ஒரே சங்கமாக வேண்டும் என்ற எண்ணம் முதலில் ஏ.எம்.இ.க்களுக்கு வர வேண்டும். ஐ.ஏ.எம்.மை உதறிய ஆம்ஃபா தனியாக நின்று வாங்கிய அடி இந்த விஷயத்தில் அவர்களுக்குப் பாடமாக இருக்கும்.

விமானிகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். களைப்பு பற்றிய புதிய விதிகளை டி.ஜி.சி.ஏ. 2024 ஜனவரியில் அறிவித்தது; வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர வேண்டும். நிறுவனங்கள் அவகாசம் கேட்டன; விதிகள் தள்ளிப்போயின. விமானிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தின. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக விதிகள் அமலாயின. டிசம்பரில் அதற்குப் போதிய விமானிகளைச் சேர்த்து வைக்காத இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. களைப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாடே அன்றைக்குத்தான் புரிந்துகொண்டது. அந்த விமானங்களை இரவெல்லாம் தயார்செய்த டெக்னீஷியன்களின் ஓய்வுக்கும் இதுபோல ஓர் எண் வேண்டும் என்று யாராவது மனு எழுத உட்கார்ந்தால், மனுதாரர் என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவார்கள்?